ஒரே கூரையின் கீழ் மூன்று வேலைகள்

வீட்டிலிருந்தபடி வடிவமைப்பு வேலை செய்கிறேன், இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், கூடவே பழைய வீடொன்றைச் சிறிது சிறிதாகத் திருத்தி வருகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். சில ஆண்டுகள் இப்படியே வாழ்ந்து பார்த்த பிறகு, நேரம் இங்கே முதன்மையான சிக்கல் அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுவது சத்தத்திலும் தூசிலும் வெளிச்சத்திலும் ஈரத்திலும்தான். புதிய பலகையொன்றைத் தேய்ப்பதற்கு எனக்கு அரைமணி நேரம் ஓய்வு கிடைத்துவிடலாம். ஆனால் அந்தத் தூசு அடங்கித் துடைத்து முடிய மாலையாகிவிடும், அதற்கு வெகு முன்பே நான்கு வயது மகன் பாலர் பாடசாலையிலிருந்து வந்து அதே தரையில் அமர்ந்து விளையாடத் தொடங்கியிருப்பான். ஆகவே, எந்த வேலையை எப்போது எடுப்பது என்பதைக் கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த வேலை வீட்டுக்குள் எதைக் கிளப்பிவிடும், கிளம்பியது எவ்வளவு நேரம் தங்கும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் வீடு கொழும்பின் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. சுற்றிலும் தொடர்மாடிகள் எழுந்துவிட்ட நிலையில், தரையோடு அமைந்த பழைய வீடுகளில் மிஞ்சியிருப்பவை சிலவே. அவற்றில் எங்களுடையதும் ஒன்று. கபுக் கல் எனப்படும் செம்புரைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள், சிவப்புச் சாயமிட்ட சீமெந்துத் தரை, முன்பக்கம் ஓட்டுக் கூரை, பிற்காலத்தில் சமையலறைக்காகச் சேர்த்த பின்பகுதிக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. என் தந்தையார் வாங்கிய இந்த வீட்டில் இப்போது என் அம்மா, கோட்டைப் பகுதியில் வங்கியொன்றில் பணிபுரியும் மனைவி, நான்காம் தரத்தில் படிக்கும் மகள், சிறிய மகன், நான் என்று ஐந்து பேர் இருக்கிறோம். வீட்டை விற்றுவிட்டுத் தொடர்மாடியொன்றுக்குப் போகலாம் என்று உறவினர் பலர் சொல்லியிருக்கிறார்கள். முற்றமும் முருங்கை மரமும் உள்ள வீட்டில் பிள்ளைகள் வளரட்டும் என்பது எங்கள் விருப்பம். அந்த விருப்பத்துக்குரிய விலையைத்தான் திருத்த வேலையாகச் செலுத்தி வருகிறோம்.

கடலோர வீட்டின் முதல் எதிரி உப்பு. காற்றோடு வரும் உப்பு கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி, கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தை அழிக்கிறது. அதன்பின் ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பியைத் துருவாக்குகின்றன. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால், உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கொங்கிறீட்டை வெடிக்கச் செய்கிறது. எங்கள் யன்னல்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிறீட் விளிம்புகளின் அடிப்பக்கத்தில் முதலில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு ஓடியது. பின்னர் அதன் ஓரத்தில் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தது. கடைசியில் காறை பெயர்ந்து விழுந்தது. இத்தகைய இடத்தில் மேலே சீமெந்தைப் பூசிப் பெயின்ட் அடித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். தளர்ந்த பகுதியைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தியெடுத்து, கம்பியைப் பளபளக்கும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சைப் பூசி, பழுது பார்ப்பதற்கென்றே தயாரிக்கப்படும் சாந்தால் நிரப்புவதே சரியான முறை. கழுவப்படாத கடல்மணலை இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

இதே காரணத்தால், வெளியில் பொருத்தும் ஆணி, போல்ட், கீல் எதையும் நான் விலை பார்த்து வாங்குவதில்லை. துருப்பிடிக்காத உருக்கு என்று கடைகளில் பொதுவாகத் தருவது 304 என்ற ரகம். மழைநீருக்கு அது தாக்குப்பிடிக்கும், ஆனால் கடற்காற்றுப் படும் இடத்தில் சில காலத்திலேயே தேநீர்க் கறை படிந்ததுபோல் ஆகிவிடும். 316 என்ற ரகத்தில் மொலிப்டினம் சேர்க்கப்பட்டிருப்பதால் அது உப்பை எதிர்த்து நிற்கிறது. பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளில் பெயரையும் எண்ணையும் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். விலை அதிகம்தான், ஆனாலும் துருவேறிய போல்டைக் கழற்ற மீண்டும் கிரைண்டரை எடுக்க நேரும் அந்த நாளின் சத்தத்தையும் கணக்கில் சேர்த்தால், அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே சொல்வேன்.

சுவர்களின் கதை வேறு. கபுக் கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வெயில் வந்ததும் அதை வெளியே விடும் இயல்புடையவை. முன்னொரு காலத்தில் யாரோ எங்கள் முன்னறைச் சுவரின் கீழ்ப்பகுதிக்குக் கெட்டியான சீமெந்துப் பூச்சுப் பூசியிருந்தார்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தப் பூச்சைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறி, பூச்சு முடியும் கோட்டுக்கு மேலே உப்புப் பூத்து, பெயின்டைக் கொப்புளமாக்கி உதிர்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சீமெந்தைக் கொத்தி அகற்றி, சுவரை ஒரு வறண்ட பருவம் முழுவதும் வெறுமையாகக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தால் மறுபடி பூசுவித்தோம். காயவிட்ட மாதங்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். வடிவமைப்பாளன் வீட்டில் இப்படியொரு சுவரா என்று கேட்டவர்களும் உண்டு. அழகைப் பற்றிய பேச்சுக்கே அப்போது இடமில்லை. முதலில் தண்ணீர், பிறகு மின்சாரம், அதன்பின் நிறம் என்பதே பழைய வீட்டுக்குரிய வரிசை. இந்த வரிசையைக் குலைத்துச் செய்த வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும், அந்த இரண்டாம் முறைக்கான நாள்கள் பிள்ளைகளின் விடுமுறையிலிருந்துதான் எடுக்கப்படும்.

கொழும்பில் பெயின்ட் அடிப்பதற்கு ஆண்டு முழுவதும் நாள் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை கொட்டித் தீர்க்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் ஊரில், சுவர் உண்மையாகவே காய்வது ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான். மார்ச்சின் முற்பாதியையும் சேர்த்துக்கொள்ளலாம். என் தொழிலிலோ அதே காலத்தில்தான் சித்திரைப் புத்தாண்டு விளம்பரங்களும் நாட்காட்டிகளின் பிந்திய திருத்தங்களும் வந்து குவிகின்றன. இந்த மோதலைத் தவிர்க்க முடியாது என்பது தெரிந்திருப்பதால், சுவர் வேலைக்கான ஆள்களை மார்கழியிலேயே பேசி வைத்து, அந்தப் பருவத்தில் புதிய வாடிக்கையாளர் எவரையும் ஏற்பதில்லை என்று வைத்திருக்கிறேன். வருமானத்தில் ஒரு பகுதி குறைகிறது. அதை வீட்டுச் செலவின் ஒரு பங்காகவே நானும் மனைவியும் முன்கூட்டியே எழுதிக்கொள்கிறோம்.

என் நாளின் ஒழுங்கை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்கி, பகல் 1.30 மணிக்கு முடிகிறது. என் வாடிக்கையாளர்களில் சிலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். லண்டனில் கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும் மாதங்களில், அங்கே அலுவலகம் திறக்கும் காலை 9 மணியும் கொழும்பின் பகல் 1.30 மணியும் ஒன்றே. அதாவது, மகள் பாடசாலை வேனிலிருந்து இறங்கும் நேரமும் லண்டன் வாடிக்கையாளர் மின்னஞ்சலைத் திறக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. அதே பருவத்தில் ரொறன்ரோவில் காலை 9 மணியாகும்போது இங்கே மாலை 6.30; அது வீட்டுப்பாடமும் குளிப்பும் இரவுச் சாப்பாட்டுக்கான புட்டு அவிப்பதும் ஒன்றாக நடக்கும் வேளை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே என்பதால், பிள்ளையின் குரல் பின்னால் கேட்டால் கோபிப்பதில்லை, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள். ஆனாலும் பிற்பகல் 2.30 மணிவரை எந்த அழைப்பையும் எடுப்பதில்லை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேனிலிருந்து இறங்கி வரும் பிள்ளை முதல் பத்து நிமிடத்தில் சொல்லாததை அன்று முழுவதும் சொல்லமாட்டாள் என்பது எந்தப் பெற்றோருக்கும் தெரியும்.

அப்படியானால் சத்தமிடும் வேலைக்கு எஞ்சுவது முற்பகல்தான். அதே முற்பகல்தான் எனக்கு மெய்ப்புப் பார்க்கும் நேரமும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழியிலும் வரும் துண்டுப்பிரசுரங்களும் அறிவித்தல்களும் என் வேலையில் பெரும் பங்கு. ஒரே செய்தி தமிழில் நீளமாகவும் சிங்களத்தில் மேலும் கீழும் வளைவுகளோடு உயரமாகவும் அமைவதால், மூன்றுக்கும் ஒரே அளவு எழுத்தும் ஒரே வரி இடைவெளியும் கொடுத்தால் தமிழ்தான் எப்போதும் நெருக்கப்பட்டு இரண்டாந்தரமாகத் தோன்றும். அதை நான் ஏற்பதில்லை. பல அலுவலகங்களிலிருந்து இன்றும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் பிரதி வருகிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் ஒற்றும் இடம் மாறிவிடுவதுண்டு. இதையெல்லாம் வரிவரியாகப் பார்ப்பதற்கு அமைதி வேண்டும். ஆகவே கிழமையில் சில முற்பகல்கள் கிரைண்டருக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் உரியவை, மற்றவை மெய்ப்புக்கு உரியவை என்று பிரித்து வைத்திருக்கிறேன்; இரண்டையும் ஒரே நாளில் கலப்பதில்லை. பிற்பகலில் அம்மா சற்றுக் கண்ணயர்வார் என்பதால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சுத்தியல் எடுப்பதே இல்லை.

எல்லா வேலைகளிலும் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது, நானும் மகளும் பகிர்ந்துகொள்ளும் மேற்கு அறை. கடல் பக்கம் பார்த்த யன்னல். நண்பகல் தாண்டினால் வெயில் நேராக உள்ளே விழும். நிறத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவனுக்கு இதைவிடக் கடினமான அறை அமையாது. காலையில் நீலம் கலந்து வரும் வெளிச்சம் மாலையில் செம்மஞ்சளாகும். திரையில் ஒரே சாம்பல் நிறம் இரண்டு வேளையும் இரண்டாகத் தெரியும். அச்சுப் பிரதியை 5,000 கெல்வின் ஒளியில் பார்க்க வேண்டும் என்பது அச்சுத் தொழிலின் பொது நியமம். திரையைச் சுற்றியுள்ள சுவர் நிறமற்ற சாம்பலாக இருப்பதும் நல்லது. மகளின் விருப்பமோ வேறு.

"எனக்கு மாம்பழ மஞ்சள்தான் வேணும், அப்பா. உங்கட கொம்பியூட்டருக்கு மஞ்சள் பிடிக்காதா?"

பிடிக்காமல் இல்லை, மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வெள்ளைத் தாளையும் மஞ்சளாக்கிவிடும் என்று சொன்னேன். நம்பவில்லை. கடையில் கேட்டு வாங்கி வந்த பெரிய மஞ்சள் அட்டையொன்றை யன்னலோரம் நிமிர்த்திப் பிடித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் காட்டினேன். தாளின் ஓரம் மஞ்சளேறுவதைக் கண்டதும் அவள் அட்டையை அருகிலும் தூரத்திலும் கொண்டுபோய், எந்தத் தூரத்தில் மஞ்சள் தாளை விட்டு விலகுகிறது என்று தானே பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பிற்பகல் முழுவதும் அறையின் ஒவ்வொரு சுவரிலும் அட்டையை வைத்துப் பார்த்தோம். என் நாற்காலிக்குப் பின்னாலுள்ள சுவர் திரையில் பிரதிபலிக்கும், மேசைக்கு முன்னாலுள்ளது கண்ணில் நேராகப் படும்; அவளுடைய மேசையை ஒட்டிய வடக்குச் சுவரில் வைத்தபோதுதான் என் தாள் வெள்ளையாகவே இருந்தது. இப்போது வடக்குச் சுவர் மாம்பழ மஞ்சள், மற்ற மூன்றும் மெல்லிய சாம்பல். யன்னலுக்குத் தடித்த கைத்தறித் திரைச்சீலை போட்டு, என் மேசைக்கு மட்டும் நிறத்தைச் சரியாகக் காட்டும் விளக்கொன்றைப் பொருத்தியிருக்கிறேன். அறைக்கு வருகிறவர்கள் அந்த ஒற்றை மஞ்சள் சுவரை ஒரு வடிவமைப்பு உத்தி என்று பாராட்டும்போது, அதைத் தேர்ந்தவள் மகள் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் இத்தகையவை. அவர்கள் வீட்டில் இல்லாதபோதே செய்ய வேண்டியவையும் உண்டு, அவற்றில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை. பழைய யன்னல்களிலும் கதவுகளிலும் அடுக்கடுக்காக இருக்கும் எனாமல் பெயின்ட் அவற்றில் முதலாவது. பெயின்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு இலங்கையில் சட்டப்படி வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில். அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் தரும் கேடு மருத்துவ உலகம் ஐயமின்றி ஒப்புக்கொண்ட ஒன்று. ஆகவே உலர்ந்த நிலையில் சாண்ட் பேப்பர் போடுவதே இல்லை; ஈரமாக்கித் தேய்த்து, அறை வாசலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, முடிந்ததும் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, உடுப்பைத் தனியாகத் துவைக்கிறோம். அன்றைக்குப் பிள்ளைகள் தெகிவளையில் அம்மம்மா வீட்டில் இருப்பார்கள்.

இரண்டாவது, சமையலறைக்கு மேலுள்ள அஸ்பெஸ்டஸ் சீற். இலங்கையில் இன்னும் எண்ணற்ற வீடுகளின் தலைக்கு மேல் இருக்கும் இந்தப் பொருளின் எந்த வகையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடையாமல், அறுக்காமல், துளையிடாமல் இருக்கும்வரை இழைகள் பெருமளவில் காற்றில் கலப்பதில்லை. அறுக்கும்போதும் உயர் அழுத்தத் தண்ணீரடித்துப் பாசி கழுவும்போதும்தான் ஆபத்து அதிகம். டிஷ் அன்டெனா பொருத்த வந்த ஒருவர் அந்தக் கூரையில் துளையிடத் தயாரானபோது, வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா, நெளி சீற்றுக்கு மேலே அரைவட்டக் களிமண் ஓடுகளைப் பதித்து, ஒழுகாமலும் வெப்பம் இறங்காமலும் இருக்கும் கூரையை இந்த நாட்டில் பரவலாக்கினார். பார்வைக்கும் அது அருமையான கூரைதான். ஆனால் எங்கள் பின்பகுதிச் சுவர்களும் கூரை மரங்களும் அந்தப் பாரத்தைத் தாங்கா. அதனால் முறையாக நனைத்து, முழு சீற்றாகவே இறக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு அகற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பாவாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. கொழும்பு 3, பகத்தல வீதியை அண்டிய ஒழுங்கையில் அவர் வாழ்ந்த வீடு, 1958இல் தொடங்கி, வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் உருவாக்கப்பட்டது. அங்கே நடந்து பார்க்கும்போது ஒரு முற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளிச்சம் மாறிக்கொண்டே போகும். நாட்டின் தலைசிறந்த கட்டடக்கலைஞருக்கே தன் வீட்டை முடிக்க அவ்வளவு காலம் எடுத்ததென்றால், இரண்டு பிள்ளைகளும் மாத வருமானமும் உள்ள நாம் ஒரே விடுமுறையில் வீடு முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஓர் அறையை எடுத்தால் அதை முற்றாக முடித்து, துடைத்து, பிள்ளைகளிடம் ஒப்படைத்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்பது எங்கள் வழக்கம். பாதியில் நிற்கும் வேலை பணத்தை மட்டுமா தின்கிறது, வீட்டிலுள்ளவர்களின் பொறுமையையும் தின்கிறது.

மின்சாரத்தில் நான் கைவைப்பதில்லை. சிவப்பும் கறுப்புமான பழைய வயர்கள், வட்ட முள் பிளக்குகள், நிலத்தொடுப்பே இல்லாத சில சொக்கெற்றுகள் என்று இருந்த வயரிங்கைத் தகுதிச் சான்றிதழ் பெற்ற எலெக்ட்ரீசியன் ஒருவர் முழுமையாக மாற்றினார். எல்லா இடத்திலும் 13 அம்பியர் சதுர முள் சொக்கெற்றுகள், 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிட்ச். அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது, மடிக்கணினியின் மின்கலத்தை நம்பி நள்ளிரவில் வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்தால், என் மேசைக்கும் வைஃபை கருவிக்கும் தனிச் சுற்று ஒன்றை ஒதுக்கி, இன்வேட்டர் இணைக்கக்கூடியதாக அமைத்துத் தரச் சொன்னேன்.

அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சீமெந்து, பெயின்ட், வயர் எதுவும் கை வைக்கும் விலையில் இல்லை. அந்தக் காலத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், ஒழுகும் இடங்களை மட்டும் அடைத்துக்கொண்டு, பழைய கதவுகளைக் கழற்றிப் பார்த்து, எந்தப் பலாப்பலகை திரும்பப் பயன்படும் என்று பிரித்து வைத்தோம். கறையான் படாத பழைய பலா, இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பல பலகைகளைவிட உறுதியானது.

அந்தப் பலகையில்தான் மகளின் மேசை உருவானது. வேலை செய்தவர் எழுபது வயதை நெருங்கும் ஓடாவியார் ஒருவர், பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் நிலைத்தவர். நான் மில்லிமீற்றரில் வரைந்து கொடுத்த படத்தை அவர் அங்குலத்துக்கும் நூலுக்கும் மாற்றிப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பின்னர் மகளை நாற்காலியில் இருத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கையின் கீழ் அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, பிள்ளை வளரும், மேசை வளராது. அதை இப்பவே யோசியுங்கோ."

அவர் சொன்ன வழியில், ஒவ்வொரு காலையும் வெளிக்கால், உள்கால் என்று இரண்டாகச் செய்து, ஒன்றரை அங்குல இடைவெளியில் துளையிட்டு, போல்டால் இறுக்கினோம். ஆண்டுக்கு ஒருமுறை போல்டைக் கழற்றி அடுத்த துளைக்கு உயர்த்தினால் போதும். துளைகளின் ஓரம் பிசிறடிக்காமல் இருக்க, துரப்பணம் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து மீதியைத் துளைக்கும் கைப்பக்குவத்தை மகன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றான். அடுத்த ஆண்டு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு முதுகு நோகாத மேசை கிடைத்திருக்கிறது என்பதில் என் மனைவிக்கு மிகுந்த ஆறுதல்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. புதிதாகப் பூசிய சீமெந்துக்கு ஒரு கிழமையாவது தண்ணீர் காட்ட வேண்டும், கல்லை ஊறவைக்கத் தொட்டி வேண்டும், வாளிகள் நிறைந்து நிற்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாவதற்கும் ஏறத்தாழ ஒரு கிழமையே போதும். கொழும்பில் திருத்த வேலை நடக்கும் வீடு ஒவ்வொன்றும் இதனால் அயலுக்கே ஆபத்தாகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முதலில் எட்டிப் பார்ப்பதும் அத்தகைய வீடுகளைத்தான். எங்கள் வீட்டில் இது மகளின் பொறுப்பு. ஞாயிறு காலைகளில் வாளிகளையும் பெயின்ட் பேணிகளையும் அவள் கவிழ்க்க, தம்பி எண்ணிக்கொண்டே பின்னால் போவான். கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பார்ப்பது நான். அது முடிந்தால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது. "ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆணியும் அடிக்கிறதில்லை" என்பது மனைவி போட்ட சட்டம். கிழமை முழுவதும் வங்கியில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, வீடு ஒரு நாளாவது வேலைத்தளமாக இல்லாமல் இருக்க வேண்டும் என்பது முழுக்க நியாயமானது. அன்று பின்னேரம் மரைன் டிரைவ் வழியே நடந்துவிட்டு, கடலை வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

இனி வரப்போவது சமையலறைக் கூரை. மே மாத மழைக்கு முன் பழைய சீற்றுகளை இறக்கி, புதியதைப் போட்டு முடிக்க வேண்டும். அந்த நாள்களில் சமையல் முன் விறாந்தைக்கு மாறும், பிள்ளைகள் தெகிவளைக்குப் போவார்கள், நான் அழைப்புகளைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அருகே இருக்கும் நண்பர் வீட்டிலிருந்து எடுப்பேன். அதனுடன் சேர்த்து, மகளுக்குப் படிப்பதற்குத் தனியறை தேவைப்படும் என்பதால், என் மேசையை விறாந்தையின் ஒரு மூலைக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்டு மாற்றுவது பற்றியும் பேசி வருகிறோம். தை பிறந்ததும் ஓடாவியார் அளவெடுக்க வருவார். அதற்குள் தடுப்பின் கதவு முற்றத்தின் பக்கம் திறப்பதா, வீட்டின் பக்கம் திறப்பதா என்பதை நாங்கள் இருவரும் முடிவுசெய்ய வேண்டும்; மனைவி வீட்டின் பக்கம் என்கிறார், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.